ஸ்டாஃப் ரூம் பயம் இருக்கிறவங்களுக்கு: மக்காலஸ்டர் அட்மிஷனும் என் முதல் செமஸ்டரும்

நேத்து ராத்திரி மக்காலஸ்டர்ல, அதாவது அமெரிக்காவுல நான் படிக்கிற காலேஜ்ல, முதல் செமஸ்டர் கிரேடு வந்துடுச்சு. நாலு கோர்ஸ், எதுலயும் ஊத்திக்கல, ஒண்ணு மட்டும் பி மைனஸ். அக்டோபர்ல நான் இருந்த நிலைமைக்கு இது பெரிய விஷயம், அழுதுட்டேன். வெளிய ஒரே பனி, ஹாஸ்டல் பாதி காலி, தூக்கம் வரல, அதான் எழுதுறேன். ஜனவரி டெட்லைனுக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கிற பசங்க யாருக்காவது உதவுமே.

காமன் ஆப் (பல காலேஜுக்கும் சேர்த்து ஆன்லைன்ல போடற ஒரே அப்ளிகேஷன்), சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (உதவித்தொகை கேக்க வீட்டு வருமானம், சொத்தைக் காட்டற ஃபார்ம்), எர்லி டிசிஷன் 1, 2 (கிடைச்சா இங்கதான் சேருவேன்னு வாக்குக் கொடுத்து ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ற ரெண்டு சுற்று) இதைப் பத்தியெல்லாம் இதுக்கு மேல சொல்லப்போறதில்ல. 650 வார்த்தை கட்டுரையை எப்படி எழுதுறதுன்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க, அதையும் விட்டுடுறேன். நான் பேசப்போறது முக்கால்வாசி ஒரே விஷயம், வாத்தியார் எழுதிக்கொடுக்கிற ரெக்கமென்டேஷன் லெட்டர். என்னை ஒரு வருஷம் கவுத்ததும் அதுதான், அடுத்த வருஷம் தூக்கி விட்டதும் அதுதான்.

நான் ஸ்டேட் போர்டு. ப்ளஸ் டூ படிக்கும்போதே அமெரிக்காவுல பதினோரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜுக்கு (பல துறைப் பாடத்தையும் கலந்து படிக்கிற சின்னக் காலேஜுங்க) போட்டேன், பதினொண்ணும் இல்லைன்னுடுச்சு. மார்க் இருந்துச்சு, கட்டுரை சுமாரா நல்லாத்தான் இருந்துச்சு. எங்க ஸ்கூல்ல இதுக்கு முன்னாடி யாரும் அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணினது கிடையாது, கவுன்சிலர்னு ஒரு ஆளே கிடையாது, அதனால அந்த இடத்துல ஹெச்எம் பேரைப் போட்டேன். ரெண்டு டீச்சர் லெட்டருக்கு ஃபிசிக்ஸ் சாரும் மேத்ஸ் மிஸ்ஸும். ஏன் அவங்கன்னா எனக்கு அந்த ரெண்டுலயும் மார்க் அதிகம், அவ்வளவுதான் காரணம். ரெண்டு பேரும் "சரிம்மா, பண்ணிடலாம்"னாங்க. பண்ணவும் பண்ணாங்க. ஆஃபீஸ்ல டைப் பண்ற அண்ணன்கிட்ட சொல்லி, டிசிக்குக் கூடக் குடுக்கிற கண்டக்ட் சர்டிஃபிகேட் இருக்குமே, அதையே கொஞ்சம் நீட்டி, "இம்மாணவி ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்"ங்கிறதை இங்கிலீஷ்ல அடிச்சு, ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே வரிங்க, கையெழுத்து மட்டும் வேற. இது எனக்கு எல்லாம் முடிஞ்சு ஏப்ரல்லதான் தெரிஞ்சது.

அதுகூடப் பரவால்ல. டீச்சர் ஃபார்ம்ல ரேட்டிங் கட்டம் ஒண்ணு வரும், கிரியேட்டிவிட்டி, கிளாஸ் டிஸ்கஷன் அப்படின்னு ஒவ்வொண்ணுக்கும் டிக் பண்ணணும். ஃபிசிக்ஸ் சார் என்னை வராண்டால நிறுத்தி ரொம்ப சந்தோஷமா சொன்னார், "எல்லாத்துக்கும் குட் போட்டுட்டேன்மா". நானும் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தக் கட்டத்துல குட்டுக்கு மேல வெரி குட், எக்ஸலன்ட், அவுட்ஸ்டாண்டிங், என் சர்வீஸ்ல பார்த்த மிகச்சிலர்ல ஒருத்தர் அப்படின்னு நாலு படி இருக்கு. அந்த ஊர் கணக்குல குட்னா சுமாருக்குக் கொஞ்சம் மேலன்னு அர்த்தம். சார் மேல தப்பே இல்ல, அவர்கிட்ட குட் வாங்குறதே கஷ்டம். நான்தான் உக்காந்து விளக்கியிருக்கணும்.

ஆனா ஸ்டாஃப் ரூமுக்குள்ள போய் உக்காந்து பேசுறதா? நம்ம ஊர்ல ஸ்டாஃப் ரூமுக்கு எதுக்குப் போவோம், நோட்டு அடுக்கி வைக்க, இல்ல திட்டு வாங்க. ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நானா போய் நின்னது கிடையாது.

கேப் இயர் எடுத்தேன், அதாவது எந்தக் காலேஜ்லயும் சேராம ஒரு வருஷம் நின்னேன். சொந்தக்காரங்க பேசினதை எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. அப்போ ஆன்லைன்ல பழக்கமான ஒரு சீனியர் அக்கா என் அப்ளிகேஷனைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "உன்னை ஒரு ஆளா தெரிஞ்ச டீச்சர் யாரு? மார்க்கை விடு". யோசிச்சு யோசிச்சு கெமிஸ்ட்ரி சார் பேர் வந்துச்சு. கெமிஸ்ட்ரில என் மார்க் ரொம்ப சாதாரணம்.

ஏன் அவருன்னா, ப்ளஸ் டூ ப்ராக்டிகல்ல சால்ட் அனாலிசிஸ். நைட்ரேட்டுக்கு பழுப்பு வளைய சோதனை. எல்லாரும் டெஸ்ட் ட்யூப்பைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே "பழுப்பு நிற வளையம் உண்டாகிறது"ன்னு எழுதி முடிச்சாச்சு. எனக்கு வளையம் வரல. ட்யூப்பை சாய்ச்சுப் பிடிச்சு, ஆசிடை ஓரமா சொட்டு சொட்டா விட்டு, மூணு தடவை பண்ணிட்டேன், வரல. சார் வந்து "நேரமாச்சு, எழுதிட்டுக் கிளம்பு"ன்னார். வராததை எப்படி சார் வந்ததுன்னு எழுதறதுன்னு கேட்டுட்டேன், திமிர்ல இல்ல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார், அப்புறம் ஃபெரஸ் சல்ஃபேட் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல காட்டினார், தண்ணி மஞ்சளா இருந்துச்சு. பழசு, காத்துப் பட்டு ஃபெரிக்கா மாறிடுச்சு, அப்புறம் எங்க வளையம் வரும். அவரே புதுசாக் கலக்கிக் கொடுத்தார், நாலாவது தடவை வந்துச்சு, மெல்லிசா, காபித்தூள் கலர்ல ஒரு கோடு. லேப் பூட்ட வந்த ஆயாம்மா வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க.

இதை நான் மறந்தே போயிருந்தேன். சாருக்கு ஞாபகம் இருந்துச்சு.

போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை வீட்டுக்கு. ஒரு தாள்ல தமிழ்லயே எழுதி எடுத்துட்டுப் போனேன், "சார், ஞாபகம் இருக்கா"ன்னு ஆரம்பிச்சு அஞ்சு சம்பவம். ரேட்டிங் கட்டத்துக்கு ஒவ்வொரு படிக்கும் என்ன அர்த்தம்னு தனியா. அவருக்கு இருந்த பயம் இங்கிலீஷ்தான். "கிராமர் தப்பா இருந்தா உனக்குக் கெட்ட பேராயிடுமேம்மா"ன்னார். தப்பா இருந்தா நீங்க எழுதினதுன்னு நம்புவாங்க சார்னு சொன்னேன். லெட்டரைப் பார்க்கிற உரிமை வேணாம்னு நான் காமன் ஆப்ல டிக் பண்ணியாச்சு, ஆனா அவரா அனுப்பிட்டு அப்புறம் கூப்பிட்டு வாசிச்சுக் காமிச்சார். அந்த வளையக் கதையை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். கடைசி வரில "அந்த பாட்டிலை நான் ரெண்டு வருஷமா மாத்தலை, இவள் கேட்ட பிறகுதான் மாத்தினேன்"னு இருந்துச்சு. எந்த வாத்தியார் இப்படி எழுதுவாரு சொல்லுங்க.

எர்லி டிசிஷன் 2ல மக்காலஸ்டருக்குப் போட்டேன். பிப்ரவரில கிடைச்சுடுச்சு. லெட்டராலதான்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா மத்ததெல்லாம் அதே ஆள், அதே மார்க், கட்டுரைகூட பாதி பழசு.

மத்தது சுருக்கமா:

- டீச்சர்கிட்ட மூணு மாசம் முன்னாடி சொல்லுங்க. இமெயில் பார்க்காதவங்கன்னா காமன் ஆப்லேர்ந்து லெட்டர் கேட்டு இன்வைட் அனுப்பின அன்னிக்கே நேர்ல போய் அவங்க ஃபோன்லயே லிங்க்கைத் திறந்து காட்டுங்க. ஸ்பேம்ல விழுந்து கிடக்கும்.
- ஒன்பதாவது மார்க்கும் கேப்பாங்க, ஸ்கூல் லெட்டர்ஹெட்ல வாங்கி வைங்க.
- ஒவ்வொரு காலேஜோட காமன் டேட்டா செட்டை (காலேஜே தன் அட்மிஷன், உதவித்தொகை கணக்கை வெளியிடற அறிக்கை) தேடிப் படிங்க. அதுல சி7ங்கிற பகுதில அட்மிஷனுக்கு எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு அவங்களே டிக் பண்ணியிருப்பாங்க. எச்6ல வெளிநாட்டுப் பசங்க எத்தனை பேருக்கு சராசரியா எவ்வளவு உதவி கொடுத்தாங்கன்னு இருக்கும். ஏஜென்ட்டுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பாருங்க.
- ஆம்ஹர்ஸ்ட், போடின் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய காலேஜ்தான் வெளிநாட்டுப் பசங்களுக்கும் நீட் ப்ளைண்ட், அதாவது காசு உதவி கேக்கறதைப் பார்க்காம அட்மிஷன் முடிவு பண்றவங்க. மத்த இடத்துல எவ்வளவு உதவி கேக்கறீங்கங்கிறதும் கணக்குல வரும். மொத்தச் செலவு வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல, அதனால வெக்கப்பட்டு வேலையில்ல, உண்மையைப் போடுங்க.
- சிஎஸ்எஸ்ல ரூபாயிலயே போடலாம். நிலம் யார் பேர்ல இருக்குன்னு பட்டாவைப் பார்த்துட்டுப் போடுங்க, அப்பா வாயால சொல்றதை வச்சுப் போடாதீங்க. தாத்தா பேர்ல இருக்கிறதை எங்கப்பா பேர்ல போட்டுட்டு அப்புறம் திருத்த நான் பட்ட பாடு இருக்கே.
- "ஏன் இந்தக் காலேஜ்"ங்கிறதுக்கு ஐநா பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னான் 1961ல இங்க முடிச்சார், 1950லேர்ந்து இங்க ஐநா கொடி பறக்குதுன்னு எழுதாதீங்க. என் முதல் டிராஃப்ட் அதுதான். அக்கா சிரிச்சாங்க, "அது அவங்களுக்கே தெரியும்டி".

இப்போ உள்ள வந்தப்புறம் நடந்தது. இதை ஏன் சொல்றேன்னா, நான் பாடம் கத்துக்கிட்டேன்னு நினைச்சேன், கத்துக்கவே இல்ல.

மக்காலஸ்டர் செயின்ட் பால்ல இருக்கு, மினசோட்டா. மொத்தமே ரெண்டாயிரம் பேர் சொச்சம்தான். நகரத்துக்குள்ள இருக்கிற காலேஜ்னதும் நான் சுத்தி உசரமா கட்டடம் இருக்கும்னு கற்பனை பண்ணிட்டு வந்தேன். கிராண்ட் அவென்யூல கடைங்க, மத்தபடி சுத்தி மரமும் வீடும்தான், ஆனா வாசல்ல ஸ்னெல்லிங் அவென்யூ, அதுல ஏ லைன் பஸ். ஏர்போர்ட்லேர்ந்து ப்ளூ லைன் ட்ரெயின் ஏறி 46வது தெரு ஸ்டேஷன்ல இறங்கி ஏ லைன் பிடிச்சா காலேஜ் வாசல்ல விடும், ரெண்டு பெட்டியோட நான் அப்படித்தான் வந்தேன். வடக்கே போனா யுனிவர்சிட்டி அவென்யூல க்ரீன் லைன், அதுல செயின்ட் பால், மினியாபொலிஸ் ரெண்டு டவுன்டவுனுக்கும் போகலாம். ஊரே இல்லாத இடத்துல இருக்கிற காலேஜ் என் மாதிரி ஆளுக்கு ஆகாது. மனசு சரியில்லன்னா நான் பஸ் ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். தனிமை பிடிச்சவங்க வேற மாதிரி முடிவு பண்ணுங்க.

முதல் வருஷம் எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் இயர் கோர்ஸ்னு ஒண்ணு உண்டு. அதை நடத்துற ப்ரொஃபசரே உங்க அட்வைசரும். எங்க கிளாஸ்ல பதினாறு பேர், மேஜையைச் சுத்தி உக்காந்து படிச்சதைப் பத்திப் பேசணும், அதுக்கே மார்க் இருக்கு. நான் அஞ்சு வாரம் வாயே திறக்கல. நோட்ஸ் மட்டும் பக்கம் பக்கமா எடுத்தேன். ஒரு பாயிண்ட்டை மனசுக்குள்ள இங்கிலீஷ்ல கோத்து முடிக்கிறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிருக்கும், பக்கத்துல இருக்கிற பையன் புக்கைத் திறக்காமலே பத்து நிமிஷம் பேசுவான். எனக்கு எரிச்சலா வரும்.

முதல் பேப்பர் திரும்பி வந்துச்சு, சி பிளஸ். கீழ ஒரு வரி: மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு அழகாத் தொகுத்திருக்க, நீ என்ன நினைக்கிறன்னு எங்கயும் காணோம், ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு (ப்ரொஃபசர் பசங்களைப் பார்க்க ஒதுக்கி வைக்கிற நேரம்) வா.

"வா"ன்னு எழுதினதைப் பார்த்ததும் எனக்குத் தோணினது திட்டத்தான் கூப்பிடறாங்கன்னு. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் போனேன், கதவு திறந்தேதான் இருந்துச்சு, இருந்தாலும் தட்டிட்டு வெளியவே நின்னேன். உள்ள வான்னாங்க, உள்ள போய் நின்னேன். உக்காருன்னு சொன்னப்புறமும் பையைத் தோள்லேர்ந்து இறக்கல. என்ன டவுட்னு கேட்டாங்க. டவுட் இல்ல, கிளாஸுக்குப் படிக்கக் கொடுத்த கட்டுரைல ஒரு டேபிள் இருக்கு, அதுல இருக்கிற எண்ணும் ஆசிரியர் கீழ எழுதியிருக்கிறதும் எனக்கு ஒத்து வரல, எல்லாரும் சரின்னு பேசறாங்க, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைக்கிறேன்னேன். அவங்க அந்தப் பக்கத்தை எடுத்து ரெண்டு தடவை படிச்சுட்டு, "இதை ஏன் கிளாஸ்ல சொல்லல?"

நாற்பது நிமிஷம் இருந்தேன். அடுத்த பேப்பர் அந்த டேபிளைப் பத்தித்தான்.

அதுக்கப்புறம் வாராவாரம் போனேன், மத்த மூணு கோர்ஸுக்கும் சேர்த்து. கிளாஸ்ல பேசறதுக்கு எனக்கு ஒத்து வந்த வழி, முதல் பத்து நிமிஷத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு கேட்டுடணும், எவ்வளவு சின்னதா இருந்தாலும். லேட்டாக லேட்டாக பயம் ஏறிடும். நல்லாப் பேசறவங்களுக்கு இந்த அட்வைஸ் தேவையே இல்ல, நீங்க வாயைக் குறைங்க.

வர்றவங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு:

- ஒரு செமஸ்டருக்கு நாலு கோர்ஸ்தான், ஆனா படிக்க வேண்டியது மலை மாதிரி. எல்லாத்தையும் வரி வரியாப் படிக்க முடியாது, நான் முயற்சி பண்ணி செப்டம்பர்ல காய்ச்சல்ல படுத்தேன்.
- முதல் ரெண்டு வருஷம் கேம்பஸ்லதான் தங்கணும்.
- எஃப்1 விசால (படிக்கப் போறவங்களுக்கான விசா) கிளாஸ் நடக்கும்போது கேம்பஸ் வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். முதல் செமஸ்டர்ல அதுல பாதிகூட எடுக்காதீங்க.
- குளிர் கோட்டை ஊர்ல வாங்காதீங்க, இந்தக் குளிருக்கு அது ஒரு சட்டை.
- பேக்பைப் சத்தம் கேட்டா பயப்படாதீங்க, இது ஸ்காட்டிஷ் பாரம்பரியம் பேசற காலேஜ், பழகிடும்.

காலையில கிரேடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கெமிஸ்ட்ரி சாருக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். ரொம்ப நேரம் ப்ளூ டிக் மட்டும் இருந்துச்சு. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னாடி ஏதோ டிவி சத்தம். "எல்லாம் சரிம்மா. கெமிஸ்ட்ரி எடுக்கலையா?"