சர்வர் மூட முப்பது நாள்: மாஸ்டோடன் கணக்கை இடம் மாற்றிய அனுபவம்

பழைய கணக்கில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரி இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். மாஸ்டோடன் ட்விட்டர் போன்ற சமூக வலைதளம், ஆனால் வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்களில் இயங்குவது. எங்கள் சர்வர் மூடப்போவதாக அறிவித்ததும், பெங்களூரில் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தின் ஆறு கணக்குகளை அதிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றினோம். ஐந்து கணக்குகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன. ஆறாவது பதினேழு நாள் இழுத்தது. காரணம் அந்த மின்னஞ்சல்தான்.

2019 நவம்பரில் ட்விட்டரை விட்டு இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே மாஸ்டோடனுக்கு வந்தது. அந்த அலையில் தொடங்கிய கணக்கு அது. எலக்ட்ரானிக் சிட்டியில் அப்போது பார்த்த வேலையின் ஆபீஸ் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்திருந்தார் நண்பர். அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. செல்போன் ஆப்பில் லாகின் அப்படியே இருந்ததால் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. கணக்கை இடம் மாற்ற பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அதை மாற்ற மின்னஞ்சல் வேண்டும். மின்னஞ்சலை மாற்றவும் பழைய பாஸ்வேர்டையே கேட்கும். ஆப்பில் பதிவு போடலாம், பதில் எழுதலாம், ஆனால் கணக்கை நகர்த்த மட்டும் வழியில்லை.

இதற்கு ஒரே வழி சர்வரை நடத்தும் அட்மின். பயனரின் மின்னஞ்சல் முகவரியை மாற்றவும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு தடையாக நின்றால் அதை நீக்கவும் அவரால் முடியும். நாங்கள் வேறு முகவரியிலிருந்து அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு அவருக்கு என்ன சாட்சி? இது எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள்தான் புரிந்தது. லாகின் இருந்த அதே ஆப்பிலிருந்து அட்மினுக்கு நேரடிச் செய்தி அனுப்பி, புதிய முகவரியையும் அதிலேயே எழுதினோம். அதிலிருந்து ஐந்தாம் நாள் முகவரி மாறியது. முதல் நாளே அப்படி அனுப்பியிருந்தால் இத்தனை தவிப்பு இருந்திருக்காது. இந்த நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து ஆப்பிலிருந்து லாக் அவுட் செய்துவிடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.

எங்கள் சர்வர் 30 நாள் அவகாசம்தான் கொடுத்தது. மாஸ்டோடனின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள், மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்வதாக ஒப்புக்கொண்டவை. பட்டியலில் இல்லாத சர்வருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. புது வீடு தேடும்போது இதையும் பாருங்கள். ஒரு நாள் காலையில் சர்வர் அணைந்துவிட்டால் பின்தொடர்வோரை மீட்க வழியே இல்லை. ஏனென்றால் 'இவர் இங்கே மாறிவிட்டார்' என்ற அறிவிப்பைப் பழைய சர்வர்தான் மற்ற சர்வர்களுக்கு அனுப்ப வேண்டும்.

புதிய சர்வரில் சேர அட்மின் ஒப்புதல் தேவைப்பட்டது. சேர விரும்பும் காரணத்தைத் தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு மூன்று நாள் பதில் இல்லை. அதன் கீழேயே இரண்டு வரி ஆங்கிலத்தில் சேர்த்து எழுதியவர்களுக்கு அன்று மாலையே கிடைத்தது. அந்த அட்மினுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போயிருக்கலாம், அங்கேயும் தேடுங்கள்.

பழைய கணக்கின் செட்டிங்ஸில் இருக்கும் ஏற்றுமதிப் பக்கத்திலிருந்து சிஎஸ்வி கோப்புகளை (அட்டவணையாகத் திறக்கும் எளிய உரைக்கோப்புகள்) இறக்குவது ஐந்து நிமிட வேலை. நீங்கள் பின்தொடர்பவர்கள், லிஸ்டுகள், பிளாக், மியூட், தடுத்த டொமைன்கள் (முழுதாகத் தடுத்த சர்வர்கள்), புக்மார்க் எல்லாம் தனித்தனிக் கோப்பாக வரும். வேண்டாத சொற்கள் உள்ள பதிவுகளை மறைக்கும் வடிகட்டிகள் வராது. அவற்றைக் கையால்தான் மறுபடி எழுத வேண்டும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இந்தக் கோப்புகளை எக்செலில் திறந்து திருத்திச் சேமிக்காதீர்கள். எங்களில் ஒருவர் தன் லிஸ்டுகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார்: 'கவிதை', 'பெங்களூரு', 'அறிவியல்' என்று. நாலைந்து பேரை நீக்கலாம் என்று எக்செலில் எடுத்துச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தார். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. அந்தச் சாதாரண வடிவத்தில் தமிழுக்கு இடமில்லை. யூடிஎஃப்-8 என்று பெயரிலேயே குறிப்பிடும் சிஎஸ்வி வடிவத்தில் சேமிக்க வேண்டும், அல்லது நோட்பேடில் திருத்த வேண்டும். நல்லவேளை, பழைய சர்வர் அப்போது உயிரோடு இருந்தது. திரும்ப இறக்கிக்கொண்டோம்.

இறக்குமதியில் வரிசை முக்கியம். முதலில் பிளாக், மியூட், டொமைன் தடை. தொல்லை கொடுத்தவர் புது முகவரியைக் கண்டுபிடித்து வருவதற்குள் கதவைச் சாத்திவிட வேண்டும். அடுத்து நீங்கள் பின்தொடர்பவர்கள், அதற்குப் பிறகே லிஸ்டுகள். நீங்கள் பின்தொடராத ஒருவர் லிஸ்டில் இருக்க முடியாது. இருப்பதோடு சேர்க்கவா, அழித்துவிட்டு எழுதவா என்று கேட்கும்போது சேர்க்கும்படி சொல்லுங்கள். இதற்கெல்லாம் முன்பே புதிய கணக்கில் படம், பெயர், அறிமுகம், பழைய முகவரி எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். அனுமதி கேட்டுத்தான் பின்தொடர முடியும் என்று வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கோரிக்கை போகும். படமே இல்லாத வெற்றுக் கணக்கை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

இனி இடமாற்றம். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று சுட்ட வேண்டும், அதுவும் புதிய பக்கம் முதலில். புதிய கணக்கின் அக்கவுண்ட் செட்டிங்ஸில், வேறு கணக்கிலிருந்து வருகிறேன் என்று சொல்லும் இடத்தில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பயனர் பெயர், அட் குறி, சர்வர் பெயர் என்ற வடிவில், ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல். பிறகு பழைய கணக்கில், வேறு கணக்குக்குப் போகிறேன் என்ற இடத்தில் புதிய முகவரியும் பழைய பாஸ்வேர்டும். எங்களில் இரண்டு பேர் மாற்றுப்பெயர் கட்டத்தில் புதிய முகவரியையே எழுதிவிட்டு, பிழைச் செய்தியோடு அரைமணி நேரம் போராடினார்கள். எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள, பழையது ஒரு பிரவுசரிலும் புதியது இன்னொரு பிரவுசரிலும் திறந்திருப்பது நல்லது.

அதே பக்கத்தில், புதிய முகவரியைக் காட்டும் வெறும் வழிகாட்டிப் பலகை வைக்கும் வசதியும் உண்டு. அது ஆட்களை நகர்த்தாது, ஏமாந்துவிட வேண்டாம். உண்மையான இடமாற்றம் செய்தபின், அதே கணக்கிலிருந்து 30 நாள் வரை இன்னொரு முறை நகர முடியாது. வழிகாட்டியை நீக்கிப் பழைய கணக்கை உயிர்ப்பிக்கலாம், ஆனால் போனவர்கள் திரும்ப மாட்டார்கள்.

புதிய கணக்கில் பின்தொடர்வோருக்கு நாம் அனுமதி தரவேண்டும் என்ற பூட்டு போட்டிருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் கோரிக்கையாக வரிசையில் நிற்பார்கள். எங்கள் வட்டத்தின் பொதுக் கணக்குக்கு அதுதான் நடந்தது. நானூற்றுச் சொச்சம் பேரை ஒவ்வொருவராக அழுத்தத் தொடங்கி, அறுபதில் நிறுத்தினோம். பிறகுதான் வழி தெரிந்தது. தனியுரிமைப் பக்கத்தில் பூட்டை எடுத்துச் சேமித்தால், காத்திருக்கும் கோரிக்கைகளை மாஸ்டோடன் தானே ஏற்றுக்கொள்ளும். சர்வர் மட்டுப்படுத்தி வைத்திருக்கும் கணக்குகள் மட்டும் நிற்கும், அவற்றை நீங்கள் பார்த்து முடிவு செய்யலாம். பட்டியல் காலியானதும் பூட்டைத் திரும்பப் போட்டோம். அன்றைய நாளின் பெரிய நிம்மதி அது.

எண்ணிக்கை சரியாக வந்து சேராது. செத்துப்போன சர்வர்களில் இருந்தவர்கள், புதிய சர்வர் தடுத்திருக்கும் சர்வர்களில் இருப்பவர்கள், இடமாற்ற அறிவிப்பைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் இருப்பவர்கள், இவர்கள் விடுபடுவார்கள். சிலர் நிமிடங்களில் வருவார்கள், சிலர் அடுத்த நாள். பதற வேண்டாம்.

பதிவுகள் வரவே வராது. மாஸ்டோடனில் ஒரு பதிவின் முகவரியிலேயே சர்வர் பெயர் இருக்கிறது, வீட்டு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு குடிபோக முடியாதது போல. புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைதளத்தில் அடையாளம் சர்வரோடு ஒட்டியிருக்காது, பதிவுக் கிடங்கும் தனியாக நகரும்படி கட்டியிருக்கிறார்கள். மாஸ்டோடனில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காப்பகக் கோப்பு மட்டுமே. பதிவுகளும் படங்களும் அதில் இருக்கும், ஆனால் புதிய கணக்கில் ஏற்ற முடியாது. ஏழு நாளுக்கு ஒருமுறைதான் கேட்கலாம், தயாராகவும் நேரமெடுக்கும். சர்வர் மூட ஒரு வாரம் இருக்கும்போது முதல்முறையாகக் கேட்பது ஆபத்து. அது கெட்டுப்போனால் இரண்டாவது வாய்ப்பு இருக்காது. அறிவிப்பு வந்த அன்றே ஒரு முறை, கடைசியில் ஒரு முறை கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக இரண்டு சின்ன வேலைகள். உங்கள் தளத்தில் சரிபார்ப்புக்காக வைத்திருக்கும் இணைப்பைப் புதிய சுயவிவரப் பக்கத்துக்கு மாற்றினால்தான், தளம் உங்களுடையதுதான் என்று காட்டும் பச்சைக் குறி திரும்ப வரும். பதிவு மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். நாங்கள் இதை மறந்ததால் முதல் வாரம் முழுக்க எங்கள் பதிவுகள் ஆங்கிலம் என்ற முத்திரையோடு போயின. தமிழ்ப் பதிவுகள் மட்டும் வேண்டும் என்று வைத்திருந்த பழைய வாசகர் ஒருவர், ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்ட பிறகே கவனித்துச் சரிசெய்தோம்.