கூட்டத்தின் நடுவே

மிலானில் டாவின்சி தீட்டிய 'கடைசி இராப்போஜனம்' சுவரோவியத்தில், கூரையின் கோடுகளும் பக்கச் சுவர்களின் கோடுகளும் இயேசுவின் நெற்றிப்பொட்டில் போய்ச் சேரும். அந்த இடத்தில் ஆணி அடித்த துளைகூட இருக்கிறது. பார்க்கிறவர் கண் தானாகவே அவரிடம் போய்விடும்.

ஆனாலும் எனக்கு நெருக்கமானது, இயேசு சிலுவை சுமந்து போவதை ஓவியர் புரூகல் 1564இல் வரைந்த 'கல்வாரி ஊர்வலம்' படம்தான் (இப்போது வியன்னாவில் இருக்கிறது). நூற்றுக்கணக்கான ஆட்கள், செஞ்சட்டைக் குதிரை வீரர்கள், வேடிக்கை பார்க்கிற கும்பல். சிலுவையோடு விழுந்துகிடக்கும் இயேசு படத்தின் நடுவில்தான் இருக்கிறார், ஆனால் தேடினால்தான் தெரிவார்.

'இயேசுவை நோக்கி' ஓடச் சொல்கிறது வேதாகமத்தின் எபிரெயர் 12ஆம் அதிகாரம். ஞாயிறு ஆராதனையில் அது டாவின்சி மாதிரி சுலபம். திங்கட்கிழமை வந்தால் முழுக்க புரூகல்தான்! மீட்டிங், மெசேஜ், கடன் தவணை... இந்தக் கூட்டத்துக்குள்தான் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.