ரோஜா தலை சாய்ந்தது உப்புத் தண்ணீரால்

கோவையில் சின்னதாகப் பூங்கொத்துக் கடை வைத்து நான்கு வருடம் ஆகிறது. அலுவலக வரவேற்பறைகளுக்கு வாரம் இரண்டு முறை பூ மாற்றும் ஆர்டர்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன கோடையில் ஓர் இடத்தில் திங்கட்கிழமை வைத்த சிவப்பு ரோஜா புதன்கிழமை காலையிலேயே தொங்கிவிட்டது. இதழ் வாடவில்லை, நிறம் மங்கவில்லை, மொட்டுக்குக் கீழே இரண்டு அங்குலத் தண்டு மட்டும் துவண்டு பூ தரையைப் பார்த்து நின்றது. அடுத்த வாரமும் அதே கதை. பழைய பூவைத் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள், எனக்கு மனசே ஆறவில்லை.

ஓசூரிலிருந்து பூ இறக்கும் வியாபாரியிடம் சண்டைக்கே போனேன். அவர் நிதானமாக, "பூவுல ஒண்ணும் இல்லீங்கக்கா, எந்தத் தண்ணில வைக்கிறீங்க?" என்று கேட்டார். போர் தண்ணிதான். சிறுவாணி அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு நாள் விட்டுத்தான் வரும், அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்போமே தவிர பூவுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

அப்போதும் நான் நேராகச் சிறுவாணிக்குப் போகவில்லை. போர் தண்ணியின் உப்புதானே பிரச்சினை என்று, கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சோப்பு நன்றாக நுரைத்தது, ரோஜா முன்பைவிட மோசமானது. இரண்டாம் நாளே இதழ் ஓரம் பழுப்படிக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது: சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் சோடியம் ஆகவே ஆகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் முன்பும் 1,300 சொச்சம், பின்பும் 1,300 சொச்சம். சிறுவாணியில் அதே மீட்டர் மூன்று இலக்கத்தைத் தொடவில்லை.

சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று 20 பூ உள்ள ஒரே கட்டைப் பிரித்து, நான்கு பாட்டிலில் ஐந்தைந்தாக வைத்தேன். போர் தண்ணீரில் மூன்றாம் நாள் தலை சாய்ந்தது, சாஃப்ட்னர் தண்ணீர் அதற்கும் முன்னால். வெறும் சிறுவாணி ஆறு நாள் தாங்கியது. நான்காவது பாட்டிலில் சிறுவாணியோடு எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்திருந்தேன். மூன்றாம் நாளே தண்ணீர் கலங்கி, தண்டைத் தொட்டால் வழுவழுவென்று இருந்தது. சர்க்கரை பூவுக்கு மட்டுமா உணவு, கிருமிக்கும்தான். அந்தக் கிருமிகள் தண்டின் நீர்க்குழாயை அடைத்துவிட்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் கிடக்கும்.

அடுத்த முறை பிளீச்சும் சேர்த்தேன், ஒன்பது நாள் நின்றது. லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி திரவ பிளீச். பிளீச்சையும் எலுமிச்சையையும் நேரடியாகக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். லிட்டர் தண்ணீரில் ஒன்றைக் கரைத்த பிறகுதான் மற்றது.

இதே அளவு எலுமிச்சையைப் போர் தண்ணீரில் விட்டு புளிப்பைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சிறுவாணியில் 3-க்கும் 4-க்கும் நடுவே வந்த நிறம், இங்கே 6-க்குக் கீழே இறங்கவே இல்லை. போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் புளிப்பையெல்லாம் தின்றுவிடுகிறது. லேசான புளிப்பு இருந்தால்தான் தண்டு தண்ணீரை நன்றாக இழுக்கும், கிருமியும் மெதுவாகப் பெருகும். அதனால் உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்றால் எலுமிச்சையை அளவுக்கு மேல் பிழிந்துகொண்டே போகாதீர்கள், முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

ஜெர்பரா வைப்பவர்களுக்கு இன்னொன்று. அதற்கு ஃபுளோரைடு எதிரி, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே இதழ் கருகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு என்பதால் அங்கே ஆர்ஓ தண்ணீர்தான் நல்லது. ஜெர்பராவின் தண்டில் மயிர் இருப்பதால் சீக்கிரம் அழுகும், இரண்டு அங்குலத் தண்ணீர் போதும்.

இப்போது கடையில் பூவுக்கென்றே ஒரு நீல டிரம், சிறுவாணி வரும் நாளில் முதலில் நிறைவது அதுதான். வராத வாரம் 20 லிட்டர் ஆர்ஓ கேன். அந்த அலுவலகத்துக்குப் பூவோடு தண்ணீரையும் நானே கேனில் கொண்டுபோகிறேன், அவர்கள் குழாயைத் திறப்பதே இல்லை.