ஃபியூரியோசா: 1979-க்குப் போய்விட்டு வாருங்கள்

2024-ல் மேட் மேக்ஸ் வரிசைப் படமான ஃபியூரியோசா வந்தபோது, 2015-ல் வந்த முந்தைய படமான ஃபியூரி ரோடு வேகம் இல்லை என்று பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அளவுகோலே தப்பு. 2015 படம் சில நாட்களில் முடியும் ஒரே துரத்தல். இதுவோ பதினைந்து வருடக் கதை, ஐந்து அத்தியாயம்.

இதற்கு நிஜமான அண்ணன் 1979-ல் வந்த முதல் மேட் மேக்ஸ்தான். அமெரிக்கக் குரல் மாற்றிய பிரதி கிடைத்தால் தொடாதீர்கள், மூல ஆஸ்திரேலியப் பேச்சிலேயே பாருங்கள். அதிலும் பைக் கும்பல், குடும்ப இழப்பு, பழிவாங்கல் கடைசியில்தான். கவிழ்ந்த வண்டியோடு கும்பலில் ஒருவனான ஜானியின் காலை விலங்கிட்டு, கையில் ரம்பத்தைக் கொடுக்கிறான் நாயகன் மேக்ஸ். விலங்கை அறுக்கப் பத்து நிமிடம், காலை அறுக்க ஐந்து. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஃபியூரியோசாவின் வில்லன் டெமென்டஸுக்குக் கிடைக்கும் தண்டனை இதே வாய்ப்பாடுதான்: சட்டென்று கொல்லாமல், காலத்தையே ஆயுதமாக்குவது. (பீச் பழ மரம், பார்த்தவர்களுக்குப் புரியும்.)

1981-ல் வந்த இரண்டாம் மேட் மேக்ஸின் டேங்கர் துரத்தலையும் பார்த்துவிட்டால், ஃபியூரியோசாவில் வார் ரிக் என்ற ராட்சத டேங்கர் லாரி மீது நடக்கும் தாக்குதல் இன்னும் ருசிக்கும். யார் எங்கே தொங்குகிறார்கள் என்ற குழப்பமே வராது. கிராபிக்ஸ் பளபளப்பு மட்டும் இப்போதும் உறுத்துகிறது.