வெள்ளத்தில் நின்ற புல்லட்: செயின் கேஸ் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனி

மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஆக்ஸில் மூழ்க நின்ற வண்டி இது. மாமாவின் 1998 மாடல் புல்லட் 350. வலதுகால் கியர், இடதுகால் பிரேக், இரும்பு சிலிண்டர். எஞ்சின் ஆயிலை அப்போதே மாற்றியாகிவிட்டது. எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் இடதுபக்கம் ஆயிலில் ஓடும் பெட்டிதான் செயின் கேஸ். அதைத் திறக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. டிசம்பர் முழுக்க திருவொற்றியூர் ஹை ரோட்டில் எந்த மெக்கானிக் கடையைப் பார்த்தாலும் வண்டிகள் பிளாட்பாரம் வரை நின்றன. எர்ணாவூர்ப் பக்கத்து வண்டிகளில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. டோல்கேட் சிக்னலில் கியரில் போட்டு கிளட்சைப் பிடித்து நின்றால் இடதுபக்கம் கரகர. கிளட்சை விட்டு வண்டி நகர்ந்ததும் போய்விடும். கிளட்ச் டிரம்முக்குள் இருக்கும் பேரிங்குக்கு கிளட்சைப் பிடிக்கும்போதுதான் வேலை. மற்ற நேரத்தில் செயின் இழுக்கும் டிரம்மும் கியர் பாக்ஸோடு இணைந்த சென்டரும் சேர்ந்தே சுற்றும். இது போக, ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மண்ணை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு. அது சக்கர பேரிங்.

ஜனவரி 7, ஞாயிறு

பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணனின் பட்டறை. ஞாயிறு என்பதால் இடம் கொடுத்தார்.

ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் கழற்றினால்தான் செயின் கேஸ் மூடி வரும். இத்தனை பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு. சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆயில் ஒழுகுகிறது என்று ஆளாளுக்கு அந்த நட்டை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க நடு உள்ளே போகும், ஓரம் தூக்கும், ஒழுகல் கூடும். ஆயில் வெளியே வந்த அதே சந்து வழியாகத்தான் வெள்ளம் உள்ளே போயிருக்கிறது.

மூடியை அசைத்ததும் தட்டில் முதலில் விழுந்தது சேற்றுத் தண்ணீர். அப்புறம் டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஆயில்.

“இன்னா நைனா, ஏரியே கீது உள்ள?” என்றார் அண்ணன்.

கிராங்க் ஷாஃப்ட் முனையில், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டர் இருக்கிறது. அது ஒரு காந்தம். அதன் மேல் கறுப்பு மீசை மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. செயினும் பேரிங்கும் தேய்ந்த கணக்கு மொத்தமும் அங்கே இருக்கிறது. கழற்றிய ரோட்டரைப் பட்டறைத் தரையில் வைக்கவே கூடாது. இருக்கிற தூளையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சுத்தமான துணியில் சுற்றி சீட்டின் மேல் வைத்தோம்.

டென்ஷனர் பட்டையில் செயின் இரண்டு வரி பள்ளம் போட்டிருந்தது. இந்த வண்டியில் கியர் பாக்ஸ் எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. சில பழைய பிரிட்டிஷ் வண்டிகள் போல கியர் பாக்ஸைப் பின்னால் தள்ளி பிரைமரி செயினை இறுக்க வழியில்லை. தளர்வை எடுப்பது இந்தப் பட்டை ஒன்றுதான். அது பள்ளம் விழுந்துவிட்டால் புதுச் செயின் போட்டும் பயனில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

பஸ் ஸ்டிரைக். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி லிங்கிச் செட்டி தெரு. பழைய பேரிங்குகளைக் கையோடு எடுத்துப் போனேன். வளையத்தில் பொறித்த நம்பரைக் காட்டி வாங்கினால் பேச்சே வேண்டாம்.

கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் எடுத்து வைத்தார். சக்கரத்துக்கு அது சரி. அங்கே வெளியிலிருந்து தூசியும் தண்ணீரும் வரும், உள்ளே கிரீஸ் தங்க வேண்டும். ரப்பர் சீல் போட்டாலும் வெள்ளத்தில் நாள் கணக்கில் நின்றால் தாங்காதுதான். ஆனால் மழைச் சாலைக்குத் திறந்த பேரிங்கைவிடப் பல மடங்கு மேல். செயின் கேஸுக்குள் போவதற்கு எதற்கு சீல்? அது ஆயிலில் குளிக்கிற இடம். அதற்கு மட்டும் திறந்ததைக் கேட்டேன்.

“அப்படியே ஒரு 6305-ம் எடுத்துக்குங்க சார், கிராங்குக்கு.”

உள்விட்டம் 25 மில்லி, வெளிவிட்டம் 62. கிராங்கின் செயின் பக்கத்தில் இருப்பது. அதை மாற்ற எஞ்சினைப் பிளக்க வேண்டும். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டி பிரபல கம்பெனி, உள்ளே இருப்பது யாரோ என்கிற சரக்கு ஊரெல்லாம் இருப்பதால் பில் போடுகிற கடையில்தான் வாங்கினேன்.

ஜனவரி 13, சனி

கிராங்குக்கு 6305 ஏன் வேண்டாம் என்றேனோ அதற்குச் சாட்சி இன்று கிடைத்தது. ரோட்டரைத் திரும்ப மாட்டி, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் அதற்கும் நடுவே எட்டு தவு, அதாவது 0.2 மில்லி, ஃபீலர் கேஜை (சந்து அளக்கும் தகடு) விட்டுச் சுற்றிலும் பார்த்தோம். எங்கும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஷாஃப்ட் தொங்கியிருந்தால் ஒரு பக்கம் இடிக்கும். பிறகு ரோட்டரைக் கழற்றிவிட்டு மற்ற வேலை.

பின் ஹப்பை ஹாட் ஏர் கன்னில் சூடேற்றினோம். புதுப் பேரிங், அண்ணன் வீட்டு ஃப்ரீசருக்குள் இரவே போய்விட்டது, மீன் பையின் பக்கத்தில். எடுத்து வைத்ததும் முக்கால்வாசி தானாகவே இறங்கியது. மீதிக்கு, பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்துத் தட்டினார். உள்வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும். புதுப் பேரிங் முதல் நாளிலேயே பாடத் தொடங்கும்.

அப்போதுதான் பெரிய விவாதம். பின் செயினை இழுக்கும் பல்சக்கரமான கியர் பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் செயின் கேஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இன்று மாற்றாவிட்டால் மறுபடி இத்தனையும் கழற்ற வேண்டும். 16 பல்லை எடுத்துவிட்டு 17 போடச் சொன்னார் அண்ணன். பின்னால் 38 பல். 2.375 என்ற விகிதம் 2.235 ஆகும், அதே வேகத்துக்கு எஞ்சின் ஆறு சதவீதம் குறைவாகச் சுற்றும். நெடுஞ்சாலைக்கு நல்ல யோசனை.

மாமாவுக்கு போன் போட்டேன். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

“மாப்ள, நீங்க ஓட்டுறது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல, ரெண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவுல. அங்க எதுக்கு நெடுஞ்சாலை கியர்? இருக்கறத விடுங்க.”

புதிய 16 பல் ஸ்ப்ராக்கெட், அதன் பின்னால் புது ஆயில் சீல். நட்டு தளராமல் பிடிக்கும் பழைய லாக் வாஷரையே நிமிர்த்திப் போடலாம் என்றார் அண்ணன். ஒரு முறை மடிந்த தகடு. நான் விடவில்லை, புதிது வாங்கி வந்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

காலையில் தெருவெல்லாம் புகை. பட்டறை அரை நாள்தான்.

புது செயின், புது டென்ஷனர். செயினை ஒரு சுற்று சுற்றி மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கால் அங்குலம் ஆட்டம் விட்டோம். தளர்வான இடத்தில் அளந்தால் மறுபக்கம் இறுகி கிராங்க் பேரிங்கை இழுக்கும். மூடியின் விளிம்பைக் கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்துத் தேய்த்தேன். பழைய நட்டு வெறியர்களின் புண்ணியத்தில் நன்றாகவே வளைந்திருந்தது. புது ரப்பர், அளவோடு இறுக்கம், லெவல் வரை ஆயில்.

ஜனவரி 21, ஞாயிறு

கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரை போய் வந்தேன். சிக்னலில் கிளட்சைப் பிடித்தால் டக்டக் மட்டும்தான். வீட்டில் செயின் கேஸுக்கு அடியில் தினத்தாள் விரித்து இரவெல்லாம் நிறுத்தினேன். ஒரு சொட்டு, அதுவும் எஞ்சின் பக்கத்திலிருந்து. மாமா குனிந்து பார்த்துவிட்டு, “அது கம்பெனி கொடுத்தது, அத நிறுத்தப் பாக்காதீங்க” என்றார். பின் செயின் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் இறுக்க வேண்டும்.