எட்டைப் பூஜ்ஜியமாகக் காட்டிய போர்டு

பாலின் கொழுப்பு அளவைக் காட்டும் போர்டை அணைக்கச் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பால் சங்கத்தில் செக்ரட்டரி சொன்ன பதில் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த அளவைப் போர்டின் திரையில் காட்டுவது எங்கள் புரோகிராம். ஒவ்வொரு இலக்கமும் ஒரு படம். திரைக்கு ஏற்றபடி எஸ்டிஎல் 2 என்ற படம் வரையும் லைப்ரரி அதைச் சுருக்கிக்கொள்ளும். ஆபீசில் கிராஃபிக்ஸ் கார்டு வழியாக வரையும் ஓப்பன்ஜிஎல் டிரைவர், எல்லாம் அழகாக வந்தது. சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரில் அது ஏறாமல், கார்டு இல்லாமல் பிராசசரே வரையும் சாஃப்ட்வேர் ரெண்டரருக்குப் போய்விட்டது. ஸ்கேல் தரத்தை, பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சுருக்கும் லீனியர் என்றுதான் வைத்திருந்தோம், ஆனால் எஸ்டிஎல் 2.0.16க்கு முந்தைய சாஃப்ட்வேர் ரெண்டரர் அதைக் கண்டுகொள்வதில்லை. அப்படிக் கலக்காமல் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு இன்னொன்றை அப்படியே விட்டுவிடும். 120 புள்ளி உயரப் படம் 72 ஆகும்போது ஐந்து வரிசைக்கு இரண்டு காணாமல் போகும். எட்டின் நடுக்கோடு ஒரே வரிசை தடிமன், போகிற வரிசையில் அது மாட்டிக்கொண்டது. லீனியரில் கோடு மங்கியிருக்கும், அவ்வளவுதான். இங்கே 3.8 கொழுப்பு போர்டில் 3.0.

சிலிப்பில் 3.8 சரியாக அச்சானது, பணமும் அதன்படிதான். "சரி பண்ற வரைக்கும் போர்டை ஆஃப் பண்ணி வைங்கண்ணா" என்றேன். செக்ரட்டரி கேனை நகர்த்திக்கொண்டே, "வேண்டாமுங்க தம்பி. தப்பாக் காட்டினா மெசின் தப்புன்னு சண்டை போடுவாங்க. அணைச்சு வெச்சா நான் எதையோ மறைக்கிறேன்னு நினைப்பாங்க" என்றார்.

தப்பான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாதது மேல், எங்கள் தொழிலில் அது பாலபாடம். ஒரு பூஜ்ஜியம் எட்டாக இருக்கலாம் என்று ஆனபிறகு நிஜமாகவே 3.0 வந்தவரும் அதை நம்பமாட்டார் அல்லவா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போர்டை வைத்ததே சோதிக்கிற ஆளின் வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டாம், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். கடைசியில் செக்ரட்டரி அணைக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் எண்ணை உரக்க வாசித்தார், மறுபடி வாய்ச்சொல்தான். வரிசையில் ஒரு அக்கா சிலிப்பைப் போர்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் ரெண்டரர் கதையையா சொல்லியிருப்பேன்?

அப்புறம் ஒவ்வொரு திரை அளவுக்கும் தனித்தனியாக இலக்கங்களை வரைந்து, சுருக்குகிற வேலையையே எடுத்துவிட்டோம். லைப்ரரியைப் புதுப்பித்தால் போதாதா என்று கேட்டார்கள். ஓப்பன்ஜிஎல்லே இரண்டு கார்டுகளில் புள்ளிக்குப் புள்ளி ஒரே மாதிரி வரும் என்று உறுதி தருவதில்லை, பணம் தொடர்பான எண்ணை டிரைவரின் கையில் விட எனக்கு மனமில்லை.

வேறு சங்கத்தில் இப்படி நடந்தாலும் அணைக்கத்தான் சொல்வேன். வரிசையில் நிற்பவர்களிடம் காரணத்தை நானே சொல்லிவிட்டு அணைக்கலாம். அந்த செக்ரட்டரி அதற்கும் ஒப்புக்கொள்வார் என்று தோன்றவில்லை.