சிறப்பு வகுப்பு நாலு மணிக்கு மேல் வேண்டாம்

ஏற்காட்டில் நாம் படித்த நாள்களில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி மாலைச் சிறப்பு வகுப்பு. எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, காலையில் நடத்திய பாடத்தையே இன்னும் உரக்க நடத்துவார்கள். காபித் தோட்டத்துப் பிள்ளைகளும் மலைக் கிராமத்துப் பிள்ளைகளும் இருட்டுமுன் நடையைக் கட்டியாக வேண்டும். யாருக்காக வகுப்போ அவர்களே இருக்கமாட்டார்கள். நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் நிதி மறுபடியும் அதற்கே போகக் கூடாது. இப்போது பேசப்படும் ஸ்மார்ட் போர்டுக்கும் போகக் கூடாது.

உதவியை மூன்று அடுக்காகக் கொடுப்பதே சரி. முதல் அடுக்கு, எல்லாருக்குமான வகுப்பறைப் பாடம். பாதி வகுப்பே திணறினால் மாற்றவேண்டியது பாடம் நடத்தும் விதத்தை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் இதையொட்டியதுதான்.

இரண்டாம் அடுக்கில்தான் பலன் அதிகம். ஒரே இடத்தில் தடுக்கும் மூன்று முதல் ஐந்து பிள்ளைகள். பள்ளி நேரத்துக்குள் அரை மணி. வாரம் நாலு நாள். எட்டுப் பத்து வாரம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் குழு பிரித்தால் எல்லாம் வீண். 52இல் 27 போக 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும். ஒன்றாம் தானத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான். ஐந்து பத்துக்குச்சிக் கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள், பிடிபட்டுவிடும். ‘கொடி’யைப் பார்த்து ‘கெ’ என்று தயங்கும் பிள்ளைக்கு மறுபடி அகரத்தில் தொடங்க வேண்டாம். கொம்பும் காலும் சேர்ந்து வரும் கொ, சொ, தொ, பொ சொற்கள் நாளுக்குப் பத்து போதும்.

வாரம் ஒருமுறை புதிய பத்தி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்கவைத்து, சரியாகப் படித்த சொற்களை எண்ணிக் கட்டத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். பழைய பத்தி என்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். வாராவாரம் எட்டவேண்டிய அளவைக் காட்டும் இலக்குக் கோடும் அதில் இருக்க வேண்டும். தொடர்ந்து நாலு புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். தேறிய பிள்ளையை உடனே குழுவிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆண்டு முழுக்க வைத்திருந்தால் ‘மக்குக் குழு’ என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். அது பிள்ளையை முடக்கிவிடும். விளையாட்டு வேளையைப் பிடுங்கவும் கூடாது. கால அட்டவணையிலேயே எல்லா வகுப்புக்கும் பொதுவான அரை மணி வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, குழுவிலும் தேறாத பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆசிரியர். அதற்குமுன் கண், காது பரிசோதனையும் வருகைப் பதிவேடும் பார்த்தாக வேண்டும். காபிப் பழம் பறிக்கும் நாள்களில் பள்ளிக்கு வராததால் விட்டுப்போன பாடம் கற்றல் குறைபாடு ஆகாது.

ஸ்மார்ட் போர்டுக்குப் பதில், அந்த அரை மணிக்குப் பயிற்சி பெற்ற பகுதிநேர ஆசிரியர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுப்போம். பணம் ஜூன் தொடக்கத்திலேயே போய்ச்சேர வேண்டும். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று பார்க்கும் முதல் சோதனையை அந்த மாதமே வைத்தால்தான் பழப் பறிப்பு தொடங்குமுன் ஒரு சுற்று முழுதாக முடியும்.